நடுவில் இருந்த உன் படம்

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கணினியைப் போடுவதற்குள் போனில் உன் படம் வந்து விழுந்தது. அனுப்பியவர் நம் தெருமுனை மாவு மில்காரர். "இன்று அதிகாலை நிலச்சரிவு. கண்ணீரை அடக்க முடியவில்லை. எல்லோருக்கும் பகிருங்கள்" என்று கீழே எழுதியிருந்தது. வடக்கே ஏதோ ஒரு மலைநாட்டு ஊரின் பெயரும் போட்டிருந்தது. உனக்கும் அந்த ஊருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நீ போய் நான்கு மாதம் ஆகப்போகிறது. ஆனாலும் உன்னை இன்று அதிகாலை அங்கே சேற்றில் நிறுத்திவிட்டார்கள்.

இந்த மாவு மில்காரர்தான் உன்னை எடுத்துக்கொண்டு போனபோது முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தவர். உன்னை "அக்கா, அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். படத்தில் நிற்பது அதே அக்காதான் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு பேனர் அடிக்கிற மெஷினைப் போட்டேன்.

இப்படி ஒன்று வரும்போதெல்லாம் நீ கேட்பாயே, "இன்னிக்கு எந்த ஊருல நிக்கிறேன் அம்மணி?" என்று. ஒரு வருஷம் கேரளாவில் நின்றாய், ஒரு வருஷம் இமயமலையில் நின்றாய். கடல் தாண்டி ஏதோ ஒரு தேசத்து நிலநடுக்கத்தில்கூட உன்னை ஒருதரம் பார்த்தோம். "பாஸ்போர்ட்டு இல்லாம நான் எத்தன ஊரு போயிட்டேன் பாரு" என்று சொல்லிவிட்டு என் டீயில் பாதியை எடுத்துக் குடித்துக்கொண்டாய்.

அந்தப் படத்தை நீ உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நான் பார்த்திருக்கிறேன், என் பிழைப்பு அப்படி. பெரிதாக்கிப் பெரிதாக்கி அதன் ஒவ்வொரு மூலைக்கும் போய் வந்திருக்கிறேன். வால்பாறை மலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிவப்பாக அறுந்து வந்த மண். கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரே ஒரு கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது. பின்னால் வீடு இல்லை. முன்னால் நீ, தொடைவரைக்கும் சேற்றில். தலைமுடி அவிழ்ந்து கிடக்கிறது. இடுப்பில் ஒரு சில்வர் குடம். வலது கை தலைக்கு மேலே போயிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. மழை விட்ட வெளிச்சம் சரியாக உன் முகத்தில் மட்டும் விழுந்திருக்கிறது.

அன்றைக்கு அந்த மலையில் எத்தனையோ கேமரா இருந்தது, எத்தனையோ படம் எடுத்தார்கள். மற்றதெல்லாம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. இது மட்டும் ஏன் நின்றது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பேனர் போடுகிற எனக்கு ஒன்று தெரியும்: பஸ்ஸில் போகிறவன் ஒரு பார்வையில் படித்துவிடக்கூடியதுதான் மனசில் தங்கும். ஒரு பெண், ஒரு கை, ஒரு கதவு. விளக்கவே வேண்டாம். பார்க்கிறவன் மீதிக் கதையைத் தானே எழுதிக்கொள்வான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று முதலில் யாரோ ஒருவன் எழுதினான், அப்புறம் எல்லோரும் அதையே எழுதினார்கள். மறுநாள் பேப்பரில் முதல் பக்கம், அடுத்த வாரம் பத்திரிகை அட்டை, அப்புறம் நிவாரண உண்டியலில் ஒட்டிய ஸ்டிக்கர், மேடைப் பேச்சு, பள்ளிக்கூடப் புத்தகம். உன் மகள் பள்ளியில் உட்கார்ந்து பாடம் படித்தாளே, அந்தப் புத்தகத்திலேயே நீ இருந்தாய். தன் அம்மா என்று அவள் வகுப்பில் சொல்லவில்லை. சொன்னால் நம்பியும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் டீச்சர் ஏற்கெனவே உன்னைச் சாகடித்துவிட்டிருந்தார்.

ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. அந்தக் கோலத்தில் நிற்கிற ஒருத்தி அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கியிருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நீ என் கடைக்கு முதன்முதலாக வந்ததே சண்டை போடத்தான். ஆடி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மலையில் மண் சரிந்த நாளுக்கு அஞ்சலி பேனர் வேண்டும் என்று இங்கே சிங்காநல்லூரில் ஒரு மன்றத்துக்காரர்கள் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். அதன் செயலாளரின் அண்ணன் எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரி ஃபிட்டராக இருந்து அந்தச் சரிவில் போய்விட்டவர். நான் வழக்கம்போலச் செய்தேன். மேலே கண்ணீர் அஞ்சலி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ஆள் உயரத்துக்கு உன் படம். செத்துப்போன மற்றவர்களுடைய முகங்கள் சுற்றிலும் ஓரத்தில், தபால்தலை அளவில். பேனரை என் கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் கட்டினார்கள். கீழே மூலையில் கடைப் பேரும் இருந்தது.

நூல் மில்லில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினவள் நேராக ரோட்டைத் தாண்டி வந்தாய்.

"ஏனுங்க, அந்த பேனரு போட்டது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு எந்த மாதிரி வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. எனக்குத்தான் போட்டுட்டீங்களே."

நான் உன் முகத்தைப் பார்த்தேன். எதிரே பேனரைப் பார்த்தேன். மறுபடி உன்னைப் பார்த்தேன். நீ சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் செத்தது எனக்கே பஸ்ஸ விட்டு எறங்கித்தான் தெரியுது" என்றாய். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

செயலாளரைப் போனில் கூப்பிட்டேன். வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார் மனிதர். "மன்னிச்சுப்போடுங்க அக்கா, எல்லாரும் அப்படித்தானுங்க சொன்னாங்க" என்று கும்பிட்டார். இப்போதே அவிழ்த்துவிடுகிறேன் என்றார். நீ அவரை நிறுத்தி, உங்கண்ணன் எது என்று கேட்டாய். மூவரும் ரோட்டைத் தாண்டிப் போனோம். அவர் ஓரத்தில் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினார். நீ உன் படத்தில் உன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு சின்ன முகத்தைத் தொட்டாய். "இது எங்க வீட்டுக்காரரு" என்றாய்.

பேனரை அவிழ்க்க வேண்டாம் என்று சொன்னது நீதான். செயலாளர் தயங்கித் தயங்கி ஒரு காரணம் சொன்னார்: "உங்க படம் ஊருக்கே தெரிஞ்ச படமுங்க அக்கா. அதைப் பாத்து நிக்கிறவங்க அப்படியே இவங்களையும் பாப்பாங்கன்னுதான்." நீ அதை யோசித்தாய். "சரிங்க. என் மூஞ்சியப் பாத்து நின்னாவது இவங்களப் பாக்கட்டும். ஆனா என் பேரப் போடாதீங்க. எனக்கு அந்த நாள் இன்னும் வரல" என்றாய். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஆடியில் என் கடைக்கு எதிரே நீ நின்றாய். ஒவ்வொரு வருஷமும் பஸ்ஸை விட்டு இறங்கி அதற்குக் கீழேயே நின்று என்னைப் பார்த்துக் கையாட்டுவாய். உன்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்புறம் மில்லை விட்டுவிட்டுச் சமையல் கான்ட்ராக்டரிடம் பந்தி பரிமாறப் போனாய். முகூர்த்தம் இல்லாத நாளில் மத்தியானம் என் கடையில்தான் இருப்பாய். மெஷினுக்குப் போட்ட ஏ.சி. உனக்குத்தான் அதிகம் பயன்பட்டது. சும்மா இருக்கிறாயா என்றால் அதுவும் கிடையாது. அஞ்சலி பேனருக்கு யார் படம் கொண்டுவந்தாலும் எட்டிப் பார்த்து ஒரு அபிப்பிராயம் சொல்லாமல் விடமாட்டாய். "இது ரேஷன் கார்டு மூஞ்சிங்க. ஒரு கல்யாணத்துல எடுத்தது இல்லீங்களா?" என்று கேட்டு அவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவாய். அவர்கள் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள். புதுச்சட்டையில், தலை சீவி, பவுடர் பூசி நிற்கிற படம். "இப்ப பாரு. இந்த மனுசன் இப்படி இருக்கத்தான் ஆசப்பட்டிருப்பான்" என்பாய். என் கடைக்கு நல்ல பேர் வந்ததில் பாதி உன்னால்தான். இதை உன்னிடம் நேரில் சொன்னதில்லை, சொன்னால் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாய்.

ஒரு மத்தியானம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன், அந்தப் படத்தில் யாரைப் பார்த்துக் கத்துகிறாய் என்று. அத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை என்று சொன்னாய்.

"அந்தப் படம் புடிச்ச பையனத்தான். புது மண்ணு மேல ஏறி நின்னுட்டு இப்படி அப்படி சாஞ்சு புடிக்கிறான். அவன் காலடி நகருது, அவனுக்குத் தெரியல. எறங்குடா கூறுகெட்டவனேன்னு கத்துனேன். கையக் காட்டுனது அவன ஓரமாப் போகச் சொல்லி."

"அப்ப அழுகல?"

"அழுதேன். அது சாயங்காலம், பள்ளிக்கூடத்து ஹால்ல தங்க வெச்சாங்களே, அங்க. அப்ப யாரும் படம் எடுக்கல. கரண்டும் இல்ல."

அவன் இறங்கினானா என்று கேட்டேன். "எறங்கினதாலதான படம் வந்துச்சு" என்று சொன்னாய். தேசம் முழுக்க ஒப்பாரி என்று பார்த்தது ஒரு அதட்டல். ஒருவனைக் காப்பாற்றின அதட்டல். ஆனால் நீ அதைப் பொய் என்று சொல்ல விடவில்லை. "பொய்யில்ல அம்மணி. அங்க அழுத பொம்பளைங்க எத்தனையோ பேரு. அவுங்க எல்லாருக்கும் சேத்து அந்தப் படம் அழுவுது. அழுதுட்டுப் போவட்டும். நான்தான் அதுல இல்ல" என்றாய்.

அந்தப் பையன் பெரிய ஆளானபின் ஒருதரம் உன்னைத் தேடி வந்தானே, நினைவிருக்கிறதா. நன்றாகத்தான் பேசினான், உன் காலைத் தொட்டும் கும்பிட்டான். கடைசியில், அதே இடத்தில் போய் அதே மாதிரி கையைத் தூக்கி நின்றால் 'அன்றும் இன்றும்' என்று ஒரு படம் போடலாம் என்றான். நீ அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். "அவனுக்கு நான் வேண்டாம். அந்தப் பொம்பளதான் வேணும். அவ எங்கிட்ட இல்ல" என்றாய். அதிலிருந்து கேமராவைக் கண்டாலே உனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் போட்டோக்காரன் பந்திப் பக்கம் வந்தால் நீ முதுகைக் காட்டிவிடுவாய். நான் போனை எடுத்தாலே முறத்தை எடுத்து முகத்துக்கு வைத்துக்கொள்வாய். ஒருதரம் எடுத்து விட்டுவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும் என்பாய்.

அப்படிப்பட்டவள்தான் ஒருநாள் ஒரு பாட்டியின் அஞ்சலி பேனரைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எல்லாருக்கும் அவுங்கவுங்க நல்ல நாள்ல எடுத்த படம். எனக்கு மட்டும் என் கெட்ட நாளு. நான் நெசமாவே போறப்ப அதப் போட்டுடாத. தல சீவின படமாப் போடு." சரி என்றேன். படமே எடுக்க விடாதவள் எந்தப் படத்தைச் சொல்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். உனக்கும் எனக்கும் அதற்கெல்லாம் இன்னும் நாள் கிடக்கிறது என்றுதான் நினைத்தோம்.

பங்குனியில் ஒரு விடிகாலை, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உன் மகள் பம்ப் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தாள். அவள் அழுத கண்ணோடு என் கணினிக்கு முன்னால் நின்று கேட்டது இதுதான்: "அத்தை, அந்தப் படத்தையே போட்டுடலாமுங்க."

"உங்கம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கா கண்ணு."

"வேற படமே இல்லீங்களே அத்தை. ஆதார் கார்டுல இருக்கறது அம்மா மாதிரியே இல்ல. அதுவுமில்லாம அந்தப் படத்துல எங்கம்மா ஒரு ஆளக் காப்பாத்துறாங்க. எனக்கு அது பெருமதானுங்க. ஊருக்கே தெரிஞ்ச மொகம், நாலு பேரு வருவாங்க. பேப்பர்லயும் போடுவாங்க."

அவள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. பெற்ற மகள், அவளுக்கு இல்லாத உரிமையா. ஆனால் நான் வாக்குக் கொடுத்தது உனக்கு. மத்தியானம் வரைக்கும் நேரம் கொடு, கிடைக்காவிட்டால் உன் இஷ்டப்படி போடுகிறேன் என்று அவளை அனுப்பினேன். உன் தலைமாட்டில் உட்கார வேண்டியவள், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கடையில் உட்கார்ந்தேன்.

பேனர் போட வருகிறவர்கள் ஒரு படம் கொடுப்பதில்லை, பென்டிரைவில் விசேஷம் முழுவதையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். நான் எதையும் அழித்ததில்லை. நீ பரிமாறப் போன மண்டபங்களை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் திறந்தேன். சீர், நிச்சயம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம். சாப்பிடுகிறவர்களைத்தான் எடுத்திருப்பார்கள், பரிமாறுகிறவர்கள் எங்காவது ஓரத்தில் அகப்படுவார்கள். உன் முதுகு கிடைத்தது. உன் கை கிடைத்தது, வளையலை வைத்துக் கண்டுபிடித்தேன். உன் கொண்டை கிடைத்தது. கேமராவைப் பார்த்ததும் எத்தனை லாவகமாகத் திரும்பியிருக்கிறாய். உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது எனக்கு. கிடந்து தேடடி என்று சொல்லிவிட்டு நீ அங்கே நிம்மதியாகப் படுத்திருக்கிறாய்.

உச்சி வெயில் ஏறின நேரத்தில் கிடைத்தது. ஆனைமலைப் பக்கம் ஒரு சீர் விசேஷ வீடு. முன்னால் மாப்பிள்ளை முறுக்கோடு ஒருவர் இலையில் சாப்பிடுகிறார், அவரைத்தான் எடுத்திருக்கிறார்கள். அவருக்குப் பின்னால் அடுத்த வரிசையில் நீ. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, காதோரம் கனகாம்பரம். இடது கையில் ரச வாளி. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற யாரையோ குனிந்து பார்க்கிறாய். இன்னும் ஊற்றட்டுமா, வேண்டாம் என்றால் அடிப்பேன் என்கிற பார்வை. உன் முகம் என் கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. கேமரா இருப்பது உனக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, இதிலிருந்து உன்னை வெட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ரசம் ஊத்துனாங்களே, அந்த அக்காங்களா? போயிட்டாங்களா?" என்றார். "எங்கப்பாவுக்குப் பல்லு கெடையாதுங்க. அன்னைக்கு அவுங்கதான் பக்கத்துல உக்காந்து சோத்தக் கொழையப் பிசைஞ்சு குடுத்தாங்க. அந்தப் படத்துல அவுங்க பாக்குறது எங்கப்பாவத்தானுங்க. எடுத்துக்குங்க, இதுக்கெல்லாம் கேக்கோணுமா."

பெரிதாக்கினால் உடைந்துதான் போனது. கன்னம் கட்டம் கட்டமாக வந்தது. எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தேன், ஓரளவுக்கு மேல் கேட்கவில்லை. உன் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் தட்டுல சோறு மிச்சம் வெச்சா இப்படித்தானுங்க அத்தை பாப்பாங்க" என்றாள். அப்புறம் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அந்தப் படத்தைத்தான் போட்டோம்.

பேப்பரில் ஒன்றும் வரவில்லை. ரோட்டில் போகிறவர்கள், யாருங்க இது என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்குத் தெருவில் யாராவது ஒருத்தர் நின்று சொன்னார்கள். உன் கையால் சாப்பிட்டவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். மாவு மில்காரர் பேனருக்கு முன்னால் நின்று, "நம்ம அக்காங்களா" என்று கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். ஊர் உலகத்துக்கே தெரிந்த முகத்தைப் போட்டிருந்தால் அவர் உனக்காக அழுதிருக்க மாட்டார், அந்தப் படத்துக்காக அழுதிருப்பார். அது எனக்கு அன்றே தெளிவாகிவிட்டது.

இதெல்லாம் உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்றால், இன்று மத்தியானம் மன்றத்துச் செயலாளர் வந்தார். ஆடி பிறந்துவிட்டதே. வழக்கமான பேனர்தான், பழைய ஃபைலே இருக்கிறதே என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

"அக்கா போனது மனசுக்கு ரொம்பச் சங்கடமுங்க. ஆனா பாருங்க, இந்த வருசம் பேரோடயே போட்டுடலாமுங்க. இனித் தப்பில்லீங்களே."

"தப்புங்க" என்றேன்.

"எப்படிங்க? அவுங்கதான் காலமாயிட்டாங்களே."

"அவ அந்த மண்ணுல சாகலீங்க. அதுல இருந்து எந்திரிச்சு வந்து, மில்லுக்குப் போயி, ஊரு ஊராப் பந்தி பரிமாறி, புள்ளைய ஆளாக்கிப்போட்டு, இதே தெருவுல செத்தா. இப்ப அவளை இவங்களோட சேத்தா, நடுவுல பொழச்சதெல்லாம் இல்லாமப் போயிருமுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "பேரு வேண்டாமுங்க, படம் மட்டும் இருக்கட்டும். அது இல்லாட்டி யாருங்க நின்னு பாப்பாங்க? எங்கண்ணனையெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அத்தனை வருஷமும் அவரை இழுத்துக்கொண்டு வந்தது இந்தப் பயம்தான் என்று அப்போதுதான் புரிந்தது. நீ சம்மதித்ததும் அதே காரணத்துக்குத்தான்.

ஆனால் நீங்கள் இரண்டு பேரும் ஆசைப்பட்டது நடக்கவில்லை. கடைக்குள் உட்கார்ந்து வருஷா வருஷம் பார்த்தவள் நான். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேனரை நிமிர்ந்து பார்ப்பார்கள். உன்னைப் பார்ப்பார்கள். ஐயோ பாவம் என்பார்கள். சிலர் போனில் எடுத்துக்கொள்வார்கள். பஸ் வந்துவிடும். ஒருத்தர் கண்ணும் ஓரத்துக்குப் போனதில்லை. உன் படம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது உண்மைதான். வந்தவர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அது உன் குற்றமில்லை, படத்தின் குற்றம்கூட இல்லை. அத்தனை பெரிய முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் நிற்க முடியாது.

இதை அவரிடம் சொன்னேன். "உக்காருங்க. ஒரு தடவை பாத்துப்போட்டுச் சொல்லுங்க. வேண்டாம்னு தோணுச்சுன்னா வேற கடையில அடிச்சுக்குங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். இங்க இனி அவ படம் நடுவுல வராதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டது.

ஃபைலைத் திறந்தேன். உன்னைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய இடம் விழுந்தது. செயலாளர் நாற்காலியில் நெளிந்தார். அவர் முதல் வருஷம் வீடு வீடாகப் போய்ச் சேகரித்துக் கொடுத்த படங்களின் ஒரிஜினல் எல்லாம் என்னிடம் முழு அளவில் இருந்தது. ஓரத்தில் சொருகுவதற்காக நான்தான் சுருக்கியிருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே இழுத்தேன். எல்லோருக்கும் ஒரே அளவு. நடுவில் யாரும் இல்லை.

முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிதாகி வந்தன. கண்ணாடி போட்ட ஒருவர். மூக்குத்தி போட்ட ஒரு பெண். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியதால் தோளில் இன்னொருவர் கையும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பையன். உன் வீட்டுக்காரர் வந்தார். சட்டைப்பையில் பேனா வைத்திருக்கிறார். அவருக்குக் காது இவ்வளவு பெரிது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே. இத்தனை வருஷம் உன் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த மனிதரை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த படத்தை இழுத்தபோது செயலாளர் எழுந்து கணினிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தினேன்.

"அந்தப் புருவத்துல வெட்டு இருக்குது பாருங்க. அது நான் கல்லெறிஞ்சு ஆன வெட்டுங்க. அப்ப எனக்கு ஸ்கூல் போற வயசு. வெளையாட்டுல எறிஞ்சுபோட்டேன். வேலியில கிழிச்சுக்கிட்டேன்னு எங்கப்பாகிட்டச் சொல்லி என்னைய அடி வாங்காமக் காப்பாத்துனானுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வருசா வருசம் பேனரு கட்டுறேன். இது தெரியவே இல்லீங்களே. நானே மறந்துபோட்டேனே."

இப்படியே அடித்துவிடுங்கள் என்று அவரே சொன்னார். யார் நின்று பார்ப்பார்கள் என்று மறுபடி கேட்கவில்லை. ஒருவேளை ரோட்டில் யாரும் நிற்காமல் போகலாம். பஸ்ஸில் போகிறவன் ஒரு பார்வையில் படிக்கக்கூடிய பேனர் இல்லை இது. இருக்கட்டும். அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள், நிற்கிறவர்களுக்குப் பார்க்க ஒரு முகம் இருக்கும். இனி எந்த ஆடியில் யார் வந்து கேட்டாலும் என் கடையில் இதுதான். நீ எனக்கு விட்டுப்போன வேலை இது என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். உன்னைக் கேட்காமலே எடுத்துக்கொண்டுவிட்டேன், வந்து சண்டை போடுகிறதென்றால் போடு.

மெஷினிலிருந்து பேனர் மெதுவாக இறங்கி வந்தபோது அவர் அதற்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அண்ணன் முகம் வெளியே வந்ததும் கையை நீட்டினார். மை காயவில்லை, தொடாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. புருவத்துக்கு மேலே அவர் விரல் பட்ட இடத்தில் மை லேசாக இழுத்திருக்கிறது. வேறு யார் பேனராக இருந்தாலும் மறுபடி அடித்துக் கொடுத்திருப்பேன். இதை அப்படியேதான் நாளைக் காலையில் கட்டப்போகிறோம்.